கீழடியில் அரை மணி நேரம் நின்ற மகள், கோயிலில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஏன்?

வைகைவாசி (மதுரை) எழுதியது:

போன மாதம் அம்மாவையும் மகளையும் (வயது 10) கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். 2023இல் திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்களே, அதுதான். வெயிலுக்கு ஒதுங்கி ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்பது என் கணக்கு. அது தப்பிப்போனது.

அம்மா தக்களி இருந்த கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை. நூல் நூற்கும்போது கதிரின் அடியில் கனத்துக்குச் செருகும் களிமண் குண்டு. "எங்க அப்பத்தா வீட்டுல இது மரத்துல இருந்துச்சு" என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாளிடம் கதை ஆரம்பித்துவிட்டார். மகள் பகடைக்கும் வட்டச் சில்லுகளுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சில பெரிது, சில ஐம்பது பைசா அளவு. "இதுல சின்னது தங்கச்சியோடதாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் எங்கள் ஊர்க் கோயில். பாண்டியர் காலம் என்று சொல்வார்கள். சமீபத்தில்தான் திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் ஆனது. நான் சின்ன வயதில் பார்த்த கருத்த கல், எண்ணெய்ப் பிசுக்கு, மண்டபத்தின் மூலையில் இருந்த விளக்குமாடம் எதுவும் இல்லை. மணலைப் பீய்ச்சியடித்துக் கல்லையெல்லாம் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதிட்டானத்தில் (கோயிலின் அடித்தளக் கட்டில்) விரலால் தடவிப் படிக்கும்படி இருந்த எழுத்துகள் இப்போது அம்மைத் தழும்பு மாதிரி இருக்கின்றன. மகள் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது எப்ப கட்டுனது, போன வருஷமா?"

இதுதான் என் கேள்வி. அவ்வளவு பெரிய கோயிலால் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஓர் ஓட்டாஞ்சில்லு நிறுத்தியது எப்படி?

---

திண்ணைப்பேச்சு எழுதியது:

சில்லு நம்ம வீட்டுது, கோயில் ராஜா வீட்டுது. இதுக்கு ஓர் இழையா? 🙂

---

குழிமேட்டுக்காரி எழுதியது:

நான் அகழாய்வுக் குழியில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். படித்துவிட்டுப் போனவள் இல்லை. களையெடுக்கப் போகிற மாதிரி கூலிக்குப் போனேன், அப்புறம் கை பழகிவிட்டது.

முதல் வாரம் எல்லாமே ஓடுதான். பாண்டு பாண்டாக ஓடு. சலித்து, கழுவி, நிழலில் காயவைத்து, எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று மையால் எழுதிப் பையில் போட வேண்டும். தங்கம் வரும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தினமும் எட்டிப் பார்ப்பார்கள். பானை ஓட்டைப் பார்த்ததும், "இது எங்க வீட்டுக் குப்பைக்குழியிலேயே இருக்கே அத்தை" என்று போய்விடுவார்கள்.

எனக்கு மாறியது கூரை ஓட்டில்தான். கீழடிப் பக்கம் கிடைக்கிற கூரை ஓடுகளில், மழைத்தண்ணி வடிய, ஈரமண்ணிலேயே விரலால் இழுத்த பள்ளம் இருக்கும். கட்டையால் கீறியது இல்லை, விரல்தான். ஒருநாள் கழுவும்போது என் விரல் தானாக அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஓட்டின் ஓரம்வரை இழுத்துப் பார்த்தேன். கடைசியில் லேசாக ஒரு பக்கம் வளைந்து முடிகிறது. கையை எடுக்கும்போது எல்லோருக்கும் அப்படித்தான் வளையும். 2000 வருசத்துக்கு முன்னால் ஒரு ஆள் அடுத்த ஓட்டுக்குப் போகிற அவசரத்தில் கையை எடுத்திருக்கிறான். (அல்லது எடுத்திருக்கிறாள்.)

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

---

கல்தச்சன் எழுதியது:

எல்லோரும் உருகிவிட்டீர்கள். நான் கொஞ்சம் எதிர்ப் பக்கம் நிற்கிறேன். எங்கள் குடும்பத்துக்கு நாலு தலைமுறையாகக் கல்வேலைதான்.

வைகைவாசி சார், மணல் பீய்ச்சியது தப்பு. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. கல்லின் மேல்தோல் போய்விடும், உளித்தடம் போய்விடும், எழுத்தும் போய்விடும். ஆனால் "கோயிலைத் தொடாதே, அப்படியே விடு" என்கிற இடத்துக்கு நீங்கள் போகப்போகிறீர்கள் என்று தோன்றுகிறது. அங்கேதான் சண்டை.

சில்லு செத்துப்போன பொருள். அதை ஆடினவர்கள் போய்விட்டார்கள், அதனால் பெட்டியில் வைத்துப் பார்க்கலாம். கோயிலில் நாளை காலையும் அபிஷேகம் உண்டு. ஆலமரம் விமானத்தில் வேர் விட்டால் வெட்டியாக வேண்டும், தளவரிசை இறங்கினால் தூக்கி வைத்தாக வேண்டும். 12 வருடத்துக்கு ஒருமுறை பாலாலயம் செய்து (சாமியைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றி), பழுது பார்த்துக் கும்பாபிஷேகம் செய்வது நேற்று வந்த பழக்கம் இல்லை.

பழைய ஆட்கள் இதை எவ்வளவு பொறுப்பாகச் செய்தார்கள் என்பதற்குத் திருமழபாடியைப் பாருங்கள். கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிற கோயில். அதன் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜன் உத்தரவிடுகிறான். எப்படி? முதலில் சுவரில் இருக்கிற கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்க வேண்டும், அப்புறம்தான் இடிக்க வேண்டும். கட்டி முடிந்து, அந்தப் படிகள் ராஜேந்திரன் காலத்தில் புதுச்சுவரில் திரும்ப வெட்டப்பட்டன. வேறு பல கோயில்களில் "இதுவும் ஒரு பழங்கற்படி" என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது, ஐயா, இது மூலம் இல்லை, நகல் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த நேர்மை இருந்திருக்கிறது. புதுப்பிப்பதில் தப்பே இல்லை. சொல்லாமல் புதுப்பிப்பதுதான் தப்பு.

---

திண்ணைப்பேச்சு எழுதியது:

அண்ணே, நியாயம். ஆனால் கோபுரச் சுதைக்கு எனாமல் பெயிண்ட் அடித்து யாளியை ஐஸ்கிரீம் வண்டி மாதிரி ஆக்கிவிட்டு, அதன்மேல் "இதுவும் ஒரு பழம்பெயிண்ட்" என்றா எழுதுவது?

---

கல்தச்சன் எழுதியது:

உபயதாரர் பெயரை மட்டும் எழுதுவார்கள். ட்யூப் லைட்டிலும் எழுதுவார்கள்.

---

ஒட்டுப்பானை எழுதியது:

நான் அருங்காட்சியகம் ஒன்றில் பொருள் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். எங்கே என்பது வேண்டாம். உங்கள் எல்லோரிடமும் ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். சின்னப் பொருள் என்றால் "தொடாதது, உள்ளது உள்ளபடி", பெரிய கட்டடம் என்றால் "கைவைத்தது" என்று பிரித்துப் பேசுகிறீர்கள். கண்ணாடிப் பெட்டியில் முழுதாக நிற்கிற பானைகளில் எத்தனை மண்ணிலிருந்து முழுதாக வந்தன என்று நினைக்கிறீர்கள்?

ஒரு பானை என் மேசைக்கு வரும்போது அது பானை இல்லை, நாற்பது துண்டு. முதலில் வாய்ப்பகுதித் துண்டுகளைத் தனியாகப் பிரிப்போம், வளைவைப் பார்த்தால் விட்டம் தெரியும். அப்புறம் உடைந்த முனைகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். சரியான ஜோடி என்றால் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரியும், ஒரு சின்ன "க்ளிக்". ஒட்டியதும் தட்டில் மணலை நிரப்பி, பாரம் ஒரு பக்கம் சாயாமல் அதில் நட்டு வைப்போம். ஒட்டுக்குப் போடுகிற பசை அசிட்டோனில் கரையும் பசை. நாளைக்கு ஒருவர் வந்து "நீ வைத்தது தப்பு" என்றால் பிரிக்க முடிய வேண்டும். என்னுடைய வேலையில் முதல் பாடமே அதுதான். கிடைக்காத இடத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் நிரப்பி, அசல் மண்ணைவிட ஒரு மட்டம் வெளுப்பாக வண்ணம் கொடுப்போம். ஆறடி தள்ளி நின்றால் முழுப் பானை. அரையடியில் பார்த்தால் எது அசல், எது நான் என்று தெரிந்துவிடும்.

இப்போது இன்னொரு படி மேலே போய்விட்டார்கள். கீழடிக்குப் பக்கத்தில் இருக்கிற கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் 2025இல் முகம் உருவாக்கியது பார்த்திருப்பீர்கள். எலும்பு சொல்வது ஒரு பங்கு. தோல் நிறம், முடி, பார்வை எல்லாம் செய்கிறவர் முடிவு. ஆனால் படம் வந்த அன்று எங்கள் வீட்டுக் குழுவில் வந்த முதல் செய்தி, "இவர் நம்ம மாமா மாதிரியே இருக்கார்" என்பதுதான்.

---

வைகைவாசி எழுதியது:

என் அம்மாவும் அதையேதான் சொன்னார். வேறொரு மாமா.

---

கடலோடி72 எழுதியது:

கப்பலில் எஞ்சின் பிரிவில் இருந்தவன். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் ஹெராக்லியோன் துறைமுகத்தில் இரண்டு நாள் நின்றபோது கினோசஸ் அரண்மனைக்குப் போனேன். இந்த விவாதத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஆர்தர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர் அந்த நிலத்தையே விலைக்கு வாங்கி 1900இல் தோண்ட ஆரம்பித்தார். 3500 வருடத்துக்கும் முந்தைய மாளிகை. அதில் தூண்களெல்லாம் மரம், கிடைக்கும்போது எரிந்து கரியாக இருந்தன. ஜிப்சம் கல் மழையில் கரைகிறது. மேல்மாடிகள் இடிபாட்டு மண்ணின் மேல் சும்மா மிதந்துகொண்டிருந்தன, மண்ணை எடுத்தால் விழுந்துவிடும். முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். முதலில் மரமும் இரும்பும் வைத்தார். 1920களில் கம்பி கட்டிய கான்கிரீட் வந்தது. அப்புறம் மனிதரால் நிறுத்த முடியவில்லை! தாங்குவதற்காக ஆரம்பித்தது, மாடி, படிக்கட்டு, சிவப்புத் தூண் என்று போய்விட்டது. அந்தத் தூண்கள் மேலே பருத்துக் கீழே சிறுத்திருக்கும். நீங்கள் பார்த்த எல்லாப் படத்திலும் இருப்பது அவர் எழுப்பிய தூண்தான்.

சரி, அழகாக இருக்கிறதா? இருக்கிறது. அதுதான் பிரச்சினை. வழிகாட்டி பேசப் பேச எனக்கு ராஜா நடந்து வருவதே தெரிந்தது. மறுநாள் ஊருக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் "அல்லி இளவரசன்" என்ற புகழ்பெற்ற சுவரோவியத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அசல் துண்டுகள் கொஞ்சம் புடைத்துத் தெரிகின்றன: மகுடத்தில் கொஞ்சம், மார்பில் கொஞ்சம், காலில் கொஞ்சம். மிச்சமெல்லாம் ஓவியர் கை. அந்தத் துண்டுகள் ஒரே ஆளுடையவைதானா என்றே ஆய்வாளர்களுக்குள் சண்டை. மகுடம் ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது என்கிறவர்கள் உண்டு. ஒட்டுப்பானை சொன்ன ஆறடி, அரையடி கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது.

ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் இன்று முழங்கால் உயரச் சுவர்களுக்கு நடுவில் சுற்றிவிட்டு, "எங்கேப்பா அரண்மனை" என்று கேட்டிருப்பேன். தரைத்திட்டம் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் முழங்கால் சுவர். என்னைப் போன்றவனுக்குக் கூரை வேண்டும். இப்போது அந்தக் கான்கிரீட்டுக்கே நூறு வயது ஆகி, கம்பி துருப்பிடித்து, அதையும் பாதுகாக்க வேண்டிய நிலைமை. எவன்ஸும் தொல்பொருள் ஆகிவிட்டார்.

அங்கே எனக்குப் பிடித்தது தூண் இல்லை. ஆள் உயரத் தாழிகள், எண்ணெய் வைக்க. அப்புறம் களிமண் ஏட்டுப் பலகைகள். சுடாத பச்சை மண், அரண்மனை எரிந்த தீயில் வெந்து நின்றுவிட்டவை. 1952இல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயர் அந்த எழுத்தைப் படித்துக் காட்டியபோது காவியம் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு வந்தது என்ன தெரியுமா? ஆட்டுக் கணக்கு. எந்த ஊரில், யார் பொறுப்பில், எத்தனை ஆடு. நான் ஸ்டோர் ரிஜிஸ்டர் எழுதிப் பழகியவன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணக்கப்பிள்ளையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

---

பனங்காய் (யாழ்ப்பாணம்) எழுதியது:

நான் இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். எங்கட கோட்டையைப் பற்றி ஒண்டு சொல்லோணும்.

யாழ்ப்பாணக் கோட்டை பறங்கியர் (போர்த்துக்கேயர்) கட்டி, 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடிச்சு, பிறகு அவையள் திருத்திக் கட்டினது. போரில் உடைஞ்சு கிடந்ததை 2009க்குப் பிறகு நெதர்லாந்து உதவியோடு திருத்தினவை. சுவரெல்லாம் முருகைக்கல், பவளப்பாறைக் கல். திருத்தின பகுதி வெளிறி இருக்கும், பழையது கறுத்து இருக்கும். பின்னேரம் மேலே நடக்கப் போனால் எந்த இடத்தில் குண்டு விழுந்தது என்று கல்லின்ர நிறமே சொல்லும். உள்ளே இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் இன்னும் கற்குவியல்தான். அதைத் திருப்பி எழுப்ப வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றினதில்லை. ஏன் இடிஞ்சது என்று பிள்ளை கேட்டால் காட்ட ஓரிடம் வேண்டும். பிறகு கோட்டைக்குள்ள கிண்டினபோது பறங்கியர் வர முந்தின காலத்துப் பானை ஓடும், சீனப் பீங்கான் துண்டும் வந்தது.

வைகைவாசி அண்ணை, உங்கட கேள்விக்கு என்னட்ட இருக்கிற பதில் இதுதான். 95இல் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது எங்கட வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. குசினி இருந்த இடத்தில் அம்மி இருந்தது. அம்மா ஒண்டும் கதைக்காமல் போய் அதைத் தண்ணி ஊத்திக் கழுவினா. வீட்டைப் பிறகு கட்டினோம், நல்ல வீடு. ஆர் வந்தாலும் அம்மா காட்டுறது அந்த அம்மியைத்தான்.

---

குழிமேட்டுக்காரி எழுதியது:

பனங்காய் தம்பி... ரெண்டு தடவை படித்தேன்.

---

கொட்டாவி எழுதியது:

எல்லோரும் கண் கலங்கியிருக்கிற நேரத்தில் ஒரு துர்வார்த்தை சொல்ல வந்திருக்கிறேன், மன்னியுங்கள்.

அந்த வட்டச் சில்லு. இங்கிலாந்தில் ஃபிஷ்போர்ன் என்ற ரோமானிய மாளிகையில் இதே மாதிரி வட்டமாகத் தேய்த்த ஓடுகள் கிடைத்து, விளையாட்டுக் காய் என்று பல வருடம் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 2012இல் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. கிரேக்க, ரோமானிய நாட்டில் கழிப்பறையில் துடைக்க இப்படிப்பட்ட ஓட்டைப் பயன்படுத்தினார்கள் என்று. அதைப் படித்த பிறகு அந்த அருங்காட்சியகமே "அடடா, நம்முடையதும் அதுவாக இருக்குமோ" என்று யோசிக்க ஆரம்பித்தது.

மகளிடம் சொல்ல வேண்டாம்.

---

திண்ணைப்பேச்சு எழுதியது:

நாங்கள் தண்ணீர்க் கட்சி. உறைகிணறு வைத்த ஊர் சார் அது! எங்கள் சில்லு சில்லுதான். 😡

---

ஒட்டுப்பானை எழுதியது:

கொட்டாவி கிண்டலுக்குச் சொன்னாலும் உள்ளே விஷயம் இருக்கிறது. வட்டச் சில்லு வைகைக்கரையில் மட்டும் இல்லை, பல ஊர் அகழாய்வுகளில் வருகிறது. விளையாட்டுக்காக இருக்கலாம், பானைக்கு மூடியாக இருக்கலாம், எண்ணிக்கை வைக்க இருக்கலாம். விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எங்கே, எதோடு கிடைத்தது என்று பார்த்துத்தான் பேச வேண்டும். "இது தங்கச்சியோடதா" என்ற கேள்வியும் எவன்ஸின் சிவப்புத் தூண் மாதிரிதான். சின்னக் குழந்தை கான்கிரீட் இல்லாமல் எழுப்பிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் பெயர்ப்பலகையில் நான் எழுத மாட்டேன்.

---

கல்தச்சன் எழுதியது:

கடலோடி சொன்னதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. ஜாவாவில் போரோபுதூர் என்ற பழைய பௌத்தக் கோயிலுக்குப் போயிருக்கிறேன். அங்கே புதிதாகச் செதுக்கி வைத்த கல்லில் சின்னதாக ஓர் ஈயப் பொட்டு வைத்திருக்கிறார்கள். தூரத்தில் தெரியாது. பக்கத்தில் போனால், "நான் புதுசு" என்று கல் சொல்கிறது. பழங்கற்படியேதான், எழுத்துக்குப் பதில் பொட்டு. பக்கத்தில் பிரம்பனானில் நடுவில் உயரமாகச் சிவன் கோயில், 1953இல் திரும்ப எழுப்பி முடித்தது. சுற்றிலும் இருக்கும் சிறு கோயில்கள் பல இன்னும் கற்குவியலாகவே கிடக்கின்றன. மூலக்கல் போதுமான அளவு கிடைத்தால்தான் எழுப்புவோம், இல்லையென்றால் தொடமாட்டோம் என்பது அவர்கள் வைத்திருக்கிற கட்டுப்பாடு. கல்வேலைக்காரனாகச் சொல்கிறேன், அந்தக் குவியலைப் பார்த்து எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு வருடம் கொடுத்தால் இரண்டை எழுப்பிவிடுவேன். ஆனால் அவர்கள் செய்வதுதான் சரி.

வைகைவாசி சார், உங்கள் ஊர்க் கோயிலில் போன எழுத்து போனதுதான். ஆனால் பழைய கல்வெட்டு என்றால் எப்போதாவது மைப்படி (எழுத்தின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி) எடுத்திருக்க வாய்ப்பு உண்டு. தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதைப் பெரிதாக அச்சடித்து மண்டபத்தில் மாட்டச் சொல்லுங்கள். உபயம் என்று என் பெயரைப் போட வேண்டாம்.

---

வைகைவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அறிக்கைகளில் தேட ஆரம்பித்திருக்கிறேன் அண்ணே, கிடைத்தால் இங்கே போடுகிறேன்.

குழிமேட்டுக்காரி அக்கா எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். அங்கே பழைய ஆட்டுக் கொட்டகைக்கு இன்னும் நாட்டு ஓடுதான். உடைந்து கிடந்த ஒன்றை எடுத்து வந்து திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் குறுக்கே வரிவரியாகக் கோடு. நாட்டு ஓட்டைச் சக்கரத்தில் குழல் மாதிரி வனைந்துதான் இரண்டாகப் பிளப்பார்கள், குயவர் விரல் சுற்றி வந்த தடம் உள்ளே அப்படியே இருக்கிறது. இத்தனை வருடம் அந்தக் கூரைக்குக் கீழே ஆடு கட்டியிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். அவளுக்கு வரி கொஞ்சம் அகலம். எனக்குச் சரியாக இருந்தது.

இப்போது அது அவள் புத்தக அலமாரியில் இருக்கிறது.

---

குழிமேட்டுக்காரி எழுதியது:

பாப்பா கெட்டிக்காரி! எந்தக் கொட்டகை, எந்தப் பக்கம், என்றைக்கு எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பத்து வருசம் கழித்து அது வெறும் ஓடு.

---

கல்தச்சன் எழுதியது:

முக்கியமாக, அழுக்கு என்று அதைத் தேய்த்துவிடாதீர்கள்.

---

வைகைவாசி எழுதியது:

அம்மா நேற்றே சபீனா போட்டுத் தேய்த்துவிட்டார்.